கெட்ட சேதி எத்தனை நாள்ல மேல வருது? ஒரே டீமா கட்டடம் கட்டறது பத்தி

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். கடலூர்ல தரைத்தளம் பிளஸ் மூணு மாடி தனியார் ஆஸ்பத்திரி, ஓனர் ஒரு டாக்டர், ஆர்க்கிடெக்ட் பாண்டிச்சேரிக்காரர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சென்னை, பில்டிங் கான்ட்ராக்டர் நெல்லிக்குப்பம் பக்கம், ஏ.சி.க்கும் ஆக்சிஜன் லைனுக்கும் தனித்தனி ஆளு, நடுவுல நீங்க 27 வயசுல கோஆர்டினேட்டர். டாக்டர் முதல் மீட்டிங்லயே "எல்லாரும் ஒரே டீமா இருக்கணும்"னு சொல்லிட்டு ஓ.பி. பாக்க போயிட்டாரு, ஆனா வாட்ஸாப் குரூப்ல தினமும் சண்டை, நீங்க சொன்னா யாரும் கேக்கறதில்ல, பில் பாஸ் பண்ற அதிகாரமும் இல்ல, ஆள வேலையை விட்டு தூக்கற அதிகாரமும் இல்ல, இப்படி இருக்கறவன் எப்படி லீட் பண்றது, இத்தனை பேரை எப்படி ஒரு டீமா ஆக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் இந்த கடலூர் பாண்டிச்சேரி பக்கம் 23 வருஷமா சைட்டுல நிக்கறவன், அதுல பாதி வருஷம் உங்க நாற்காலியிலதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கங்க.

டீம்னா எல்லாரும் சிரிச்சு பேசிக்கிறது, பூஜை அன்னிக்கு குரூப் போட்டோ எடுக்கறதுன்னு நெனச்சா அது இல்ல. நான் ஒரு சைட்டுக்கு போனா ஒரே ஒரு விஷயத்தைத்தான் பாப்பேன். தப்பு ஒண்ணு வரப்போவுதுன்னு எவனோ ஒருத்தனுக்கு முதல்ல தெரியும்ல, அவன் வாயிலருந்து அது முடிவு எடுக்கற ஆள் காதுக்கு எத்தனை நாள்ல போகுது? ஒரு நாள்ல போச்சுன்னா அது டீம். ஸ்லாப் போட்டு முடிஞ்சப்புறம் போச்சுன்னா அது ஒரே காம்பவுண்டுக்குள்ள வேலை பாக்கற அஞ்சாறு கும்பல், அவ்ளோதான். ஒப்பந்தம், மீட்டிங், வாட்ஸாப், கம்ப்யூட்டர் மாடல் எல்லாமே அந்த நாள் கணக்கை குறைக்குதா இல்ல கூட்டுதான்னு மட்டும் பாருங்க.

கத ஒண்ணு இருக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு கிளினிக், நான் சைட் இன்ஜினியர். முதல் மாடி சென்ட்ரிங் அடிச்சு கம்பி கட்டிக்கிட்டு இருந்தாங்க. டாய்லெட் பைப் இறங்கற எடத்துல நேரா ஒரு பீம் போகுது, ஆர்க்கிடெக்ட் டிராயிங்ல டாய்லெட்டை ரெண்டடி நகத்தியிருக்காரு, ஸ்ட்ரக்சுரல் டிராயிங் பழைய ரிவிஷன், எனக்கு தெரியல, கான்ட்ராக்டருக்கும் தெரியல. தெரிஞ்ச ஒரே ஆளு பிளம்பர், அவரு கண்டியூட் போட வந்த எலக்ட்ரிஷியன்கிட்ட "இங்க பைப் எப்படிய்யா இறக்குவேன்"னு சிரிச்சிக்கிட்டே சொல்லியிருக்காரு, அதோட விட்டுட்டாரு. காங்கிரீட் போட்டாச்சு. மூணு வாரம் கழிச்சு வந்து "சார் பீம்ல ஓட்டை போடணும்"ங்கறாரு. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பீம்ல கோர் கட்டிங்குக்கு ஒத்துக்கவே இல்ல, அவரு சொன்னது சரிதான், கடைசில டாய்லெட்டையே மாத்தி, கீழ பால்ஸ் சீலிங்கை இறக்கி, டைல்ஸ் கணக்கு மாறி, ஒரு மாசம் போச்சு. "ஏன்யா அன்னிக்கே சொல்லல"ன்னு கத்தினேன். அவரு சொன்ன பதில் இன்னும் மறக்கல. "இன்னா சார், போன கட்டடத்துல பைப் போக காங்கிரீட்ல முன்னாடியே வைக்கற ஸ்லீவ் விட்டுப்போச்சுன்னு நான்தான் வந்து சொன்னேன், நீங்க எல்லார் முன்னாடியும் என்னைத்தான் திட்டுனீங்க, வேலை நின்னதுக்கு என் கூலியத்தான் புடிச்சாங்க, அப்புறம் நான் ஏன் சொல்லணும்?" அவரு சொன்னது முழுக்க உண்மை. அந்த பீமுக்குள்ள பைப் மாட்டிக்கிச்சுன்னா அதுக்கு காரணம் டிராயிங் மட்டும் இல்ல, நானும்தான்.

இதை ஆராய்ச்சி பண்ணி சொன்ன ஒரு அம்மா இருக்காங்க, ஏமி எட்மண்ட்சன், ஹார்வர்டுல பேராசிரியர். அவங்க 1990கள்ல ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து மாத்தி குடுக்கற தப்புகளை எண்ணப் போனாங்க, நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு நெனச்சு. வந்த கணக்கு தலைகீழா இருந்துச்சு, நல்ல டீம்னு பேர் எடுத்த வார்டுலதான் தப்பு ஜாஸ்தியா பதிவாகியிருந்துச்சு. அப்புறம் பாத்தா அங்க தப்பு ஜாஸ்தி நடக்கல, நடந்ததை பயப்படாம சொன்னாங்க, மத்த வார்டுல மறைச்சாங்க. அதனால உங்க சைட்டுல "எந்த பிரச்சினையும் இல்ல சார்"னு எல்லாரும் சொல்றாங்கன்னா நிம்மதியா தூங்காதீங்க.

ஆனா பயப்படாம சொல்லுங்கன்னு வாயால சொன்னா ஒருத்தனும் சொல்ல மாட்டான், ஏன்னா பயம் மனசுல மட்டும் இல்ல, பாக்கெட்டுல இருக்கு. ஒரு சின்ன உதாரணம், முட்டு, அதான் காங்கிரீட் கெட்டிப்படற வரைக்கும் கீழ தாங்கற ஜாக்கி, அதை பிரிக்கறது. காங்கிரீட் வேலைக்கான இந்திய தர விதி ஐ.எஸ். 456 என்ன சொல்லுது, சாதாரண ஓ.பி.சி. சிமென்ட்டுக்கு ஸ்லாப் ஸ்பான் 4.5 மீட்டருக்குள்ள இருந்தா முட்டு 7 நாள், அதுக்கு மேல 14 நாள், பீம் 6 மீட்டருக்குள்ள 14 நாள், அதை தாண்டினா 21 நாள். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் போட்டா இன்னும் கொஞ்சம் கூட விடணும். இது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு தெரியும், கான்ட்ராக்டருக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். அப்புறம் ஏன் 10வது நாளே ராத்திரியோட ராத்திரியா ஜாக்கியை உருவுறாங்க? ஷீட்டுக்கும் ஜாக்கிக்கும் தினவாடகை ஓடுது, அது கான்ட்ராக்டர் பாக்கெட்டுலருந்து போகுது, இன்ஜினியர் "இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்"னு போன்ல சொல்றதுக்கு அவருக்கு ஒரு ரூபா செலவில்ல. இங்க யாரும் கெட்டவன் இல்ல, செலவு ஒருத்தர் தலையில, முடிவு இன்னொருத்தர் கையில, அவ்ளோதான் விஷயம். நான் ஒரு சைட்டுல ஓனர்கிட்ட பேசி, கான்ட்ராக்டர் கோட் பண்ண நாளுக்கு மேல முட்டு நின்னா அந்த வாடகை ஓனர் கணக்குன்னு எழுதி வாங்கினேன். மொத்தம் சில ஆயிரம் ரூபா. அந்த கட்டடம் முடியற வரைக்கும் முட்டு சண்டை வரவே இல்ல, ஒரு தடவை மேஸ்திரியே "ரெண்டு நாள் மழையில சரியா கெட்டிப்படல, விட்டுடலாம் சார்"னாரு.

பெரிய அளவுல இதே வேலையைத்தான் வெளிநாட்டுல பண்ணாங்க. இங்கிலாந்துல 1994ல மைக்கேல் லேதம்னு ஒருத்தர் அரசாங்கத்துக்கு அறிக்கை குடுத்தாரு, இந்த தொழில்ல எல்லாரும் கோர்ட்டுக்கு போறதிலேயே இருக்காங்க, சேந்து வேலை பண்ண கத்துக்கங்கன்னு. அதே சமயம் வடகடல்ல பி.பி. எண்ணெய் கம்பெனி ஆண்ட்ரூன்னு ஒரு எண்ணெய் வயலை எடுத்துது, வழக்கமான முறையில போட்ட கணக்கு 45 கோடி பவுண்டு, அந்த செலவுக்கு வயல் கட்டுப்படியாகாது. ஏழு கான்ட்ராக்டரை கூப்பிட்டு ஒண்ணா உக்காந்து 37.3 கோடி பவுண்டுன்னு ஒரு இலக்கு போட்டாங்க, மிச்சமானா எல்லாருக்கும் பங்கு, கூடினா நஷ்டத்துலயும் எல்லாருக்கும் பங்கு. கடைசில ஏறக்குறைய 29 கோடியில முடிஞ்சு, 1996ல குறிச்ச நாளுக்கு ஆறு மாசம் முன்னாடியே எண்ணெய் எடுத்துட்டாங்க. அவன் பிரச்சினை என் பங்கையும் தின்னும்னு ஆனவுடனே, ஒருத்தன் இன்னொருத்தன் வேலைல வர்ற ஓட்டையை மறைக்க மாட்டான், தேடிப்போய் அடைப்பான். லண்டன் ஹீத்ரோ டெர்மினல் 5ல இன்னும் ஒரு படி மேல போய், ஏர்போர்ட் ஓனர் பி.ஏ.ஏ. ரிஸ்க் மொத்தத்தையும் தன் தலையில போட்டுக்கிச்சு, எல்லாருக்கும் சேத்து ஒரே இன்சூரன்ஸ், ஆன செலவை குடுத்து லாபத்தை தனியா உறுதி பண்ணிட்டாங்க, யார் தப்புன்னு தேடறதுக்கு பதிலா எப்படி சரி பண்றதுன்னு பேச வைக்கறதுக்காக. 4.3 பில்லியன் பவுண்டு வேலை அது.

நம்ம ஊர்ல கவர்மென்ட் வேலைல இதெல்லாம் கஷ்டம், யார் கம்மியா போட்டானோ அவனுக்குத்தான் வேலை, எல்-1 ராஜ்யம். 2021 அக்டோபர்ல மத்திய நிதி அமைச்சகம் சில வேலைகளுக்கு தரத்துக்கும் மார்க் போடலாம்னு, அதிகபட்சம் 30 சதவீதம் வரை, வழி விட்டுது, நல்லதுதான், ஆனா உங்களுது தனியார் ஆஸ்பத்திரி, உங்களுக்கு எந்த தடையும் இல்ல. டாக்டர்கிட்ட போய் இப்படி லாப நஷ்டத்தை பங்கு போடறதுக்கு சொல்ற அலையன்ஸ் காண்ட்ராக்ட், அது இதுன்னு பெரிய வார்த்தை பேசாதீங்க, பயந்துடுவாரு. இப்படி கேளுங்க: எதிர்பாராத செலவுக்குன்னு நீங்க எப்படியும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வச்சிருப்பீங்க, அதை உங்க பாக்கெட்டுல மறைச்சு வைக்காம எல்லாருக்கும் தெரியற மாதிரி ஒரு பொது உண்டியலா வைங்க, உதாரணத்துக்கு 20 லட்சம்னு வச்சுக்கங்க, காங்கிரீட் போடறதுக்கு முன்னாடி யார் ஒரு தப்பை கண்டுபிடிச்சு சொன்னாலும், யார் செஞ்ச தப்பா இருந்தாலும், திருத்தற செலவு உண்டியல்லருந்து, காங்கிரீட் போட்டப்புறம் தெரிஞ்சா செஞ்சவன் பாக்கெட்டுலருந்து, கட்டடம் முடியறப்ப உண்டியல்ல மிச்சம் இருந்தா பாதி உங்களுக்கு, பாதி அவங்க எல்லாருக்கும். பத்து வரியில தமிழ்லயே எழுதி எல்லாரும் கையெழுத்து போடுங்க. நான் ரெண்டு கட்டடத்துல பண்ணேன், ஒண்ணுல நல்லா வேலை செஞ்சுது, இன்னொண்ணுல ஓனர் கடைசில மிச்சத்தை பங்கு குடுக்காம இழுத்தடிச்சாரு, அதுக்கப்புறம் அவரு அடுத்த கட்டடத்துக்கு இதே ஆளுங்களை கூப்பிட்டப்ப ஒருத்தர் கூட வரல. டாக்டர் குடுக்க மாட்டாருன்னு தோணுச்சுன்னா இதை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க, பாதியில கைவிட்ட நம்பிக்கை இல்லாத நம்பிக்கையை விட மோசம்.

அந்த பத்து வரியில மழையையும் சேத்துக்கங்க, இது நம்ம ஊருக்குன்னே சொல்றது. ஐப்பசி கார்த்திகைல அஸ்திவாரக் குழியில தண்ணி நின்னா மோட்டார் வாடகையும் டீசலும் யாரு குடுக்கறது? தானே புயல் அடிச்சது 2011 டிசம்பர் 30 விடியக்காலை, 2015 வெள்ளத்துல கடலூர் பட்ட பாடு தெரியும், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையேறினப்ப அங்க ஒரே நாள்ல கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை. இத்தனைக்கு அப்புறமும் நம்ம ஊர் ஒப்பந்தத்துல மழைன்னு ஒரு வார்த்தை இருக்காது, இருந்தா "கடவுள் செயல்"னு ஒரு வரி. மழை வந்தப்புறம் யார் செலவுன்னு பேசினா சண்டை, வெயில்ல உக்காந்து பேசினா அது வெறும் கணக்கு.

அடுத்தது, யாரை எப்ப உள்ள கூப்பிடறீங்கங்கறது. உங்க பதிவுல ஏ.சி. ஆளு "ரெண்டாவது மாடி ரூஃப் முடிஞ்சதும் வருவாரு"ன்னு எழுதியிருந்தீங்க, அதை படிச்சதும் எனக்கு பக்குன்னுச்சு. ஆபரேஷன் தியேட்டருக்கு ஏ.சி. காத்தை கொண்டு போற டக்ட் எவ்ளோ பெருசுன்னு தெரியுமா, பீமுக்கு கீழ அது போக எடம் இருக்கான்னு ரூஃப் முடிஞ்சப்புறம் பாத்து என்ன பிரயோஜனம்? ஆக்சிஜன் லைன், எக்ஸ்ரே ரூம் சுவர் கனம், கதவுல ஈயத் தகடு, ஜெனரேட்டர் எடம், இதெல்லாம் கடைசில வர்ற ஆளுங்களுக்குத்தான் தெரியும், ஆனா முதல்ல எடுக்கற முடிவுலதான் அதோட தலையெழுத்து இருக்கு. "அவருக்கு இன்னும் ஆர்டரே குடுக்கலையே"ம்பாங்க. பரவால்ல, ஒரு நாள் கன்சல்டிங் பீஸ் குடுத்து கூப்பிடுங்க, அந்த பீஸை நான் எத்தனையோ மடங்கா திரும்ப பாத்திருக்கேன்.

இதுக்கு வெளிநாடு போகவே வேணாம், பாண்டிச்சேரியில கோல்கொண்டா விடுதி இருக்கே. அரவிந்தர் ஆசிரமத்தோடது, 1930கள் கடைசியில ஆரம்பிச்சு 1940கள் ஆரம்பத்துல முடிச்சாங்க, இந்தியாவுல நவீன முறையில கட்டின முதல் காங்கிரீட் கட்டடங்கள்ல ஒண்ணு. டிசைன் ஆன்டனின் ரேமண்ட், அவரு அப்ப ஜப்பான்ல ஆபீஸ் வச்சிருந்தவரு, கூட ஜார்ஜ் நகஷிமா, செக் நாட்டு ஃபிரான்டிசெக் சம்மர். ஹைதராபாத் நிஜாம் அரசு குடுத்த நன்கொடை, அதான் அந்த பேர். வேலை செஞ்சவங்கள்ல நெறைய பேர் கட்டட வேலையே தெரியாத ஆசிரமவாசிங்க. அவங்க என்ன பண்ணாங்கன்னா, முழு கட்டடத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு ரூமை மட்டும் அசல் அளவுக்கே மாதிரியா கட்டி பாத்தாங்க, செய்ய முடியுமா, எப்படி செய்யறதுன்னு. நகஷிமா அங்கேயே தங்கி, ஆசிரமவாசியாவே மாறி, சம்பளம் வேணாம்னுட்டு சைட்டுல நின்னாரு. இன்னிக்கு நம்ம ஆர்க்கிடெக்ட் மாசத்துக்கு ரெண்டு தடவை ஈ.சி.ஆர்.ல கார்ல வந்து பத்து நிமிஷம் பாத்துட்டு போறாரு, நான் குறை சொல்லல, அவரு வாங்கற பீஸுக்கு அவ்ளோதான் முடியும். ஆனா அந்த மாதிரி ரூம் விஷயத்தை நீங்க பண்ணலாம். ஆஸ்பத்திரில ஒரு பேஷன்ட் ரூமை, டாய்லெட்டோட, முதல் மாடியில முழுசா முடிச்சு காமிங்க, டைல்ஸ், சுவிட்ச், ஆக்சிஜன் பாயின்ட், கட்டில் எல்லாம் போட்டு. எல்லா ஆளும் அதுக்குள்ள நின்னு பேசினா, 40 ரூம்ல வர்ற தப்பு ஒரு ரூம்ல வந்து முடிஞ்சிடும், ஒருத்தர் வேலை இன்னொருத்தருக்கு எங்க இடிக்குதுன்னும் அங்கதான் புரியும்.

அந்த ரூமுக்கு நர்ஸையும் கூட்டிட்டு வாங்க. டெர்மினல் 5 பத்தி பெருமையா சொன்னேன்ல, அதுல ஒரு அடி இருக்கு. கட்டினவங்க அவ்ளோ ஒத்துமையா கட்டின அந்த டெர்மினல் 2008 மார்ச் 27 திறந்த அன்னிக்கே சந்தி சிரிச்சுது, பெட்டி பெல்ட்டுல மாட்டிக்கிச்சு, ஊழியருங்களுக்கு கார் எங்க நிறுத்தறதுன்னே தெரியல, ஆயிரக்கணக்குல பெட்டி பயணிங்ககிட்ட போய் சேரல, விமானங்கள் ரத்து. கட்டடத்துல குறை இல்லாம இல்ல, ஆனா பெரிய ஓட்டை எதுன்னா, உள்ள வேலை பாக்கப்போறவங்களுக்கு பழக்கமும் பயிற்சியும் பத்தல. டீம்ங்கறது சாவி குடுக்கற நாளோட முடியுதுன்னு நெனச்சா இதுதான் நடக்கும். வில்லியனூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில நாங்க சுவர் எழுப்பறதுக்கு முன்னாடி தரையில சுண்ணாம்புல கோடு போட்டு வச்சிருந்தோம், அந்த பழைய கட்டடத்து ஹெட் நர்ஸம்மா சும்மா பாக்க வந்தவங்க, "இந்த திருப்பத்துல ஸ்ட்ரெச்சர் திரும்பாதே தம்பி"ன்னாங்க. அளந்து பாத்தோம், திரும்பல. மூணு ஆர்க்கிடெக்ட் டிராயிங் ரிவிஷன்ல யாருக்கும் தெரியாதது அது.

இப்ப தினசரி விஷயத்துக்கு வரேன். உங்க மீட்டிங் திங்கக்கிழமை காலைல டாக்டர் ரூம்லன்னு எழுதியிருக்கீங்க, அதை வியாழக்கிழமை சாயந்திரம் சைட்டுக்கு மாத்துங்க. சனிக்கிழமை கூலி குடுக்கற நாள், அன்னிக்கு முள்ளோடை எல்லையை தாண்டி பாண்டிச்சேரி பக்கம் குடிக்கப் போற கும்பல்ல பாதி திங்கக்கிழமை வேலைக்கு வராது, அதனால திங்கக்கிழமை போடற பிளான் எல்லாம் கனவு. வியாழக்கிழமைன்னா அடுத்த வாரத்துக்கு மெட்டீரியல் சொல்ல ரெண்டு நாள் கையில இருக்கும். அமெரிக்காவுல கிளென் பல்லார்ட், கிரெக் ஹோவெல்னு ரெண்டு பேர் 1990கள்ல லாஸ்ட் பிளானர்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க, அதோட சாரம் ரொம்ப சின்னது. பிளானை ஆபீஸ்ல உக்காந்து எழுதறவன் எழுதாம, கடைசில ஆளை வச்சு வேலை வாங்கறவன், நம்ம ஊர் கணக்குல மேஸ்திரி, அவன் வாயால "அடுத்த வாரம் இதை முடிப்பேன்"னு சொல்லணும், முடியாததுன்னா "முடியாது"ன்னு சொல்ல உரிமை வேணும். வாரக் கடைசில சொன்னதுல எத்தனை முடிஞ்சுதுன்னு எண்ணுங்க, அவங்க முதல்ல எண்ணினப்ப சொன்ன வேலைல பாதிக்கு கொஞ்சம் மேலதான் முடிஞ்சிருந்துச்சு, அதனால உங்க சைட்டுல பாதி தேறினாலும் வெக்கப்படாதீங்க. முடியாததுக்கு யார் காரணம்னு கேக்காதீங்க, என்ன காரணம்னு எழுதுங்க: கம்பி வரல, டிராயிங் வரல, எம் சாண்ட் லாரி வரல, முந்தின வேலை முடியல. ஒரு மாசம் எழுதினா ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும், அங்கதான் உங்க வேலை இருக்கு. என் சைட்டுல பாதி தடவை "டிராயிங் வரல"ன்னே வந்துச்சு, காரணம் எழுதி வச்ச சார்ட் பேப்பரை போட்டோ எடுத்து ஆர்க்கிடெக்ட்டுக்கு அனுப்பினேன், ஒரு வார்த்தை கூட எழுதல, அடுத்த வாரத்துலருந்து டிராயிங் வந்துச்சு.

அந்த மீட்டிங்ல கம்பி கட்டற கும்பலோட தலைவரும் உக்காரணும். இப்ப நம்ம பக்கம் பாதி சைட்டுல பீகார், ஒடிசா, ஜார்கண்ட் பசங்கதான், அவங்களுக்குள்ள ஒருத்தன் தலைவன் இருப்பான், வயசுல சின்னவனா கூட இருப்பான், தமிழும் ஓரளவு பேசுவான். கான்ட்ராக்டர் அவனை "டேய்"னு கூப்பிடுவாரு. நீங்க பேர் சொல்லி கூப்பிடுங்க, நாற்காலி போடுங்க, ஸ்லாப்புல எங்க கம்பி நெருக்கமா வந்து காங்கிரீட் எறங்காதுன்னு அவனுக்குத்தான் முதல்ல தெரியும். எனக்கு இந்தி வராது, இருந்தும் "கோயி திக்கத்?"னு, அதாவது ஏதாவது பிரச்சினையான்னு கேக்க, ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டேன், அந்த ரெண்டு வார்த்தைக்கு எனக்கு கெடச்ச சேதி கொஞ்ச நஞ்சமில்ல.

வாட்ஸாப் சண்டைக்கு பெரிய வைத்தியம் எதுவும் இல்ல. குரூப்ல போட்டோவும் கேள்வியும் மட்டும், முடிவு போன்ல இல்லன்னா நேர்ல, எடுத்த முடிவை நீங்க ஒரு வரியில குரூப்ல போடுங்க. டிராயிங்கை குரூப்ல அனுப்பாதீங்க, பழைய ரிவிஷன் எவன் போன்லயாவது கெடக்கும், என் பீம் கதை திரும்ப நடக்கும். சைட் ஆபீஸ்ல ஒரே செட்டு பிரின்ட், புதுசு வந்தா பழசு மேல சிவப்பு மையில குறுக்குக் கோடு. பி.ஐ.எம்., அதான் முழு கட்டடத்தையும் கம்ப்யூட்டர்ல கட்டி பாக்கற மாடல், அதை பத்தியும் கேட்டிருந்தீங்க, பண்ண முடிஞ்சா நல்லது, டக்ட்டும் பீமும் இடிக்கறது திரையிலயே தெரிஞ்சிடும், ஆனா இடிக்குதுன்னு தெரிஞ்சப்புறம் யார் நகர்றதுன்னு மாடல் சொல்லாது.

அதிகாரம் இல்லாம எப்படி லீட் பண்றதுன்னு கேட்டீங்கல்ல. வைகாசியில திருப்பாதிரிப்புலியூர் தேர் பாத்திருப்பீங்க. வடம் புடிக்கறது நூத்துக்கணக்கான பேர், மேல குருக்கள், முன்னாடி பெரிய மனுஷங்க. ஆனா தேர் வீதி முனையில வீட்டுத் திண்ணையில மோதாம திரும்புதுன்னா சக்கரத்துக்கு பக்கத்துலயே குனிஞ்சு ஓடி முட்டுக்கட்டை போடற ஆளுதான் காரணம். அவருக்கு யாரையும் அதட்டற அதிகாரம் இல்ல, தேரை இழுக்கவும் முடியாது. சக்கரத்தை விட்டு கண்ணை எடுக்க மாட்டாரு, எப்ப போடணும் எப்ப எடுக்கணும்னு அவருக்கு தெரியும், மத்தவங்களுக்கு அது தெரியும்ங்கறதால அவர் கையைத் தூக்கினா வடம் நிக்குது. நம்ம தமிழ்ல முட்டுக்கட்டை போடறான்னா திட்டறது, பாருங்க, அநியாயம். உங்க வேலை அதுதான். சேதி முதல்ல உங்ககிட்ட வருதா, வந்த சேதியை அன்னிக்கே சரியான ஆளுக்கு சேத்தீங்களா, சொன்னவனை காட்டிக் குடுக்காம காப்பாத்தினீங்களா, இதை ஒரு மூணு மாசம் பண்ணுங்க, அப்புறம் அதிகாரம் தானா வந்து சேரும், லெட்டர்ல எழுதி குடுக்கற அதிகாரத்தை விட அது கெட்டியானது. இன்னொண்ணு, எல்லா நேரத்துலயும் நீங்களே முன்னாடி நிக்கணும்னு இல்ல. அஸ்திவாரம் போடறப்ப ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்றதுதான் வேதம், ஆக்சிஜன் லைன் போடற வாரத்துல அந்த ஆளுதான் ராஜா, மத்தவங்க அவருக்கு வழி விடணும், இந்த வாரம் யார் ராஜான்னு வியாழக்கிழமை மீட்டிங்ல சொல்லிடுங்க.

கஷ்டமான ஆளு கான்ட்ராக்டர் இல்ல தம்பி, டாக்டர்தான். ரவுண்ட்ஸ் போற மாதிரி ஞாயித்துக்கிழமை சைட்டுக்கு வந்து மேஸ்திரிகிட்ட "இந்த ஸ்கேன் ரூமை அந்தப் பக்கம் தள்ளிடுங்க"ன்னு சொல்லிட்டு போயிடுவாரு, மேஸ்திரி ஓனர் சொன்னாருன்னு செங்கல் வச்சிடுவாரு. அவரை தடுக்க முடியாது, அவர் காசு. அவருக்கு புரியற மாதிரி சொல்லணும்: "சார், ஐ.சி.யூ.ல வேற டாக்டர் வந்து உங்களுக்கு சொல்லாம நர்ஸ்கிட்ட மருந்தை மாத்தினா ஒத்துப்பீங்களா? இங்கயும் கேஸ் ஷீட் ஒண்ணு இருக்கு, மாத்தணும்னா அதுல எழுதுங்க, ரெண்டு நாள்ல செலவும் நாளும் சொல்றோம், அப்புறம் முடிவு பண்ணுங்க." நான் இப்படி ஒரு டாக்டர்கிட்ட சொன்னேன், மொறைச்சாரு, அடுத்த வாரம் ஒரு நோட்டு வாங்கி அவரே "கேஸ் ஷீட்"னு எழுதி சைட்டுல வச்சாரு. பில் விஷயத்தையும் அவர்கிட்ட அப்பவே பேசிடுங்க, சப் கான்ட்ராக்டர் காசு ரெண்டு மாசம் நின்னா அவன் நல்ல ஆளுங்களை வேற சைட்டுக்கு அனுப்பிடுவான், உங்க சைட்டுக்கு வர்றது அரைகுறை ஆளு, அவனுக்கு கண்ணுல படற தப்பும் கம்மி, பட்டாலும் சொல்றதுக்கு அவனுக்கு என்ன அக்கறை.

ரெண்டாவது மாடி சென்ட்ரிங் இந்த மாசக் கடைசில ஏறும்னு எழுதியிருந்தீங்க, அதனால மத்ததெல்லாம் அப்புறம். நாளைக்கே ஏ.சி., பிளம்பிங், எலக்ட்ரிகல், ஆக்சிஜன் நாலு பேரையும் ஒரே நேரத்துல சைட்டுக்கு வரச் சொல்லி, முதல் மாடி ஸ்லாப் மேல நிக்க வச்சு, மேல வரப்போற பீம் ஒவ்வொண்ணையும் தரையில சாக்பீஸ்ல வரைஞ்சு, அவங்கவங்க பைப் எங்க போகுதுன்னு அவங்கவங்க கையாலயே கலர் சாக்பீஸ்ல போட வைங்க. டீயும் பன்னும் நீங்க வாங்கிக் குடுங்க. எங்க ரெண்டு கலர் ஒரே எடத்துல வருதோ அதை போட்டோ எடுத்து சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் அன்னிக்கு சாயந்திரமே அனுப்புங்க, ஸ்லீவ் லிஸ்ட் கையெழுத்தாகி வராம கம்பி கட்ட ஆரம்பிக்க விடாதீங்க, நாலு நாள் போனா போகட்டும். போட்டோவை எனக்கும் போடுங்க, டக்ட் சைஸும் பீம் ஆழமும் எழுதி அனுப்புனீங்கன்னா பாத்து சொல்றேன்.